லோவெல்: "பிளான் பண்ணி கட்டின ஊர்"னு சொல்றது எவ்வளவு தூரம் சரி?

மார்ச் 3, காலை. கேள்வி

அண்ணாச்சி வணக்கம், பாஸ்டன்ல பையன் வீட்டுக்கு வந்திருக்கேன். நேத்து லோவெல்னு ஒரு பழைய மில் ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். மெரிமாக் ஆத்தங்கரையில அஞ்சாறு மாடி செங்கல் மில்லுங்க வரிசையா நிக்குது, ஊருக்குள்ள கால்வாய் ஓடுது. அமெரிக்காவுலயே பெருசா திட்டம் போட்டு கட்டின முதல் தொழில் நகரம் இதுதானாம். 1822ல பாஸ்டன் முதலாளிங்க யாருமில்லாத பொட்டல் காட்டை வாங்கி, கோடு போட்டு ஊரைக் கட்டிட்டாங்கன்னு பையன் சொன்னான். நான் திருப்பூர்க்காரன், சாயக் கழிவால நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு கண்ணால பார்த்தவன், அதனால கேக்குறேன், இவங்களை மாதிரி முதல்லயே பிளான் பண்ணியிருந்தா நம்ம ஊருக்கு அந்த கதி வந்திருக்குமா? நீங்க அந்தப் பக்கம்தானே பல வருஷமா இருக்கீங்க.

மார்ச் 3, ராத்திரி

பக்கத்து ஊரு செம்ஸ்ஃபர்ட்லதான் இருக்கேன். முதல்ல அந்த "யாருமில்லாத பொட்டல் காடு"ங்குறதை எடுத்துப் போட்டுருவோம்.

அங்க பாட்டக்கட் அருவின்னு ஒண்ணு இருக்கு. அருவின்னதும் குத்தாலம் மாதிரி நினைக்காதீங்க, பாறை மேல ஆறு படிப்படியா 32 அடி இறங்குது, அவ்வளவுதான். அந்த 32 அடிதான் இந்த ஊரோட மொத்தக் கதையும். மில்லு வர்றதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே பென்னக்குக் பூர்வகுடி ஜனங்க வசந்த காலத்துல அங்க கூடுவாங்க. கடல்ல இருந்து சால்மன், ஷாட் மீனெல்லாம் ஆத்தை எதிர்த்து ஏறி வரும், அருவிகிட்ட வந்து திணறும், அங்க வச்சுப் பிடிப்பாங்க. வெள்ளைக்காரங்க வந்த பிறகு ஜான் எலியட்னு ஒரு பாதிரியார் அவங்களை மதம் மாத்தி வாமெசிட்னு ஒரு கிராமத்துல குடி வச்சாரு. 1653ல பக்கத்துல செம்ஸ்ஃபர்டுக்கும் இடம் ஒதுக்கினாங்க, இந்த வாமெசிட்டுக்கும் ஒதுக்கினாங்க. அருவி வாமெசிட் பக்கம்.

1675ல பூர்வகுடிகளுக்கும் வெள்ளைக்காரங்களுக்கும் போர் வந்துச்சு. வாமெசிட் ஜனங்க சண்டைக்கே போகல, ஆனா வேற எங்கயோ நடந்த தாக்குதலுக்கெல்லாம் செம்ஸ்ஃபர்ட்காரங்க இவங்களைத்தான் அடிச்சாங்க. தலைவர் வான்னலான்செட் ஜனங்களைக் கூட்டிக்கிட்டு வடக்க காட்டுக்குள்ள ஒதுங்கிட்டாரு. போர் முடிஞ்சு கொஞ்ச வருஷத்துல நிலம் கைமாறிடுச்சு. இன்னைக்கு அவர் பேருல அங்க ஒரு மில் கட்டடம் இருக்கு, உள்ள ஆபீஸ்தான் நடக்குது. ஆளை விரட்டிட்டு கட்டடத்துக்குப் பேரு வைக்கிறதுல எந்த நாட்டுக்காரனும் சளைச்சவன் இல்ல.

மார்ச் 4

தூக்கம் வரல, கால்வாய் கதையையும் சொல்லிடுறேன். பிளான்ங்குற கேள்விக்கு நிஜமான பதில் இங்கதான் இருக்கு.

நீங்க பார்த்த பெரிய கால்வாய், பாட்டக்கட் கால்வாய், மில்லுக்காக வெட்டினது கிடையாது. ஆத்து முகத்துவாரத்துல நியூபரிபோர்ட்னு துறைமுகம், அங்க கப்பல் கட்டுறவங்களுக்கு மேல நியூஹாம்ப்ஷயர் காட்டுல இருந்து மரம் வரணும், மரம் இந்த அருவியில மோதி நொறுங்குது. அதனால 1792ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, அருவியைச் சுத்திக்கிட்டு போற மாதிரி கால்வாய் வெட்டி, மதகு வச்சு, 1796ல திறந்தாங்க. காசு கொட்டப் போகுதுன்னு நினைச்சாங்க. ஏழே வருஷத்துல, 1803ல, மிடில்செக்ஸ் கால்வாய்னு இன்னொண்ணு அருவிக்கு மேல இருந்தே நேரா பாஸ்டனுக்கு வந்துடுச்சு. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, நியூபரிபோர்ட்காரன் போட்ட காசு தண்ணியில போச்சு.

1821ல பாஸ்டன்காரங்க வந்து பார்த்தது இந்த நொடிச்சுப்போன கால்வாயைத்தான். 32 அடி சரிவு, பக்கத்துலயே வெட்டின கால்வாய், கம்பெனி பங்கு மலிவா கிடைக்குது. சத்தம் காட்டாம பங்கையும் வாங்கி, சுத்தி இருந்த பண்ணை நிலத்தையும் வாங்கிட்டாங்க. எதுக்குன்னு விவசாயிகளுக்குத் தெரியறதுக்குள்ள பத்திரம் முடிஞ்சுபோச்சு. கால்வாயை அகலப்படுத்தி 1823 செப்டம்பர்ல முதல் சக்கரம் சுத்திடுச்சு. ஆக மரம் விடுறதுக்கு வெட்டின வாய்க்காலைத் திருப்பி மில்லுக்கு விட்டாங்க. இதுக்குப் பேரு பிளான்னா, எங்க ஊர்ல பழைய மாட்டுக்கொட்டாயை டீக்கடை ஆக்கினவனும் பிளானர்தான்.

மார்ச் 4, மதியம்

"லோவெல்ங்குறவர்தானே ஊரைக் கட்டினாரு"ன்னு கேட்ட தம்பிக்கு: இல்லப்பா. ஃபிரான்சிஸ் கேபட் லோவெல் 1817லயே செத்துட்டாரு, ஊருக்கு அவர் பேரை வச்சது 1826ல. இங்கிலாந்துக்குப் போயி மில்லுங்களைச் சுத்திப் பார்த்து விசைத்தறி எப்படி ஓடுதுன்னு மண்டையில ஏத்திக்கிட்டு வந்த ஆளு. அந்தக் காலத்துல மெஷின் வரைபடத்தை இங்கிலாந்தை விட்டு வெளிய கொண்டு போறது குத்தம். இங்க வந்து பால் மூடின்னு ஒரு மெக்கானிக்கை வச்சுக்கிட்டு தறியை உருவாக்கி, 1813ல ஆரம்பிச்ச கம்பெனி மூலமா வால்தம்ங்குற ஊர்ல மில்லு போட்டாரு. அங்க ஆறு சின்னது, சரிவு பத்தல. அதான் அவருக்கு அப்புறம் அவர் கூட்டாளிங்க மெரிமாக்குக்கு வந்தாங்க. இன்னைக்குக் காப்பியடிக்காதேன்னு மத்த நாட்டுக்குப் பாடம் நடத்துற நாடு இது, சரி விடுங்க.

மார்ச் 6

இந்த லோவெல் செஞ்ச இன்னொரு வேலையைச் சொல்லணும், இது நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டது.

அந்தக் காலத்துல பாஸ்டன், சேலம் (நம்ம சேலம் இல்ல, இங்க மாசசூசெட்ஸ்ல ஒரு சேலம்) கப்பலெல்லாம் கல்கத்தாவுக்குப் போயி பருத்தித் துணியை மூட்டை மூட்டையா கொண்டு வரும். கைத்தறித் துணி, அடிமாட்டு விலை. விசைத்தறி வச்சும் அந்த விலைக்கு இவங்களால நெய்ய முடியல. 1812ல இங்கிலாந்தோட ஆரம்பிச்ச போர் முடிஞ்சு இங்கிலாந்து துணியும் வந்து குவிய ஆரம்பிச்சதும் லோவெல் வாஷிங்டனுக்கே போயி ஆளுங்களைப் பிடிச்சாரு. 1816ல வரிச் சட்டம் வந்துச்சு. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு பாருங்க. பருத்தித் துணிக்கு 25 சதவீதம் வரி, கேட்டா நியாயமாத்தான் தெரியும். ஆனா கெஜம் 25 சென்ட்டுக்குக் கீழ என்ன விலையா இருந்தாலும் அதை 25 சென்ட்டுனு கணக்கு வச்சுத்தான் வரி போடுவாங்க. கெஜம் 9 சென்ட் துணின்னு வச்சுக்கோங்க, அதுக்கு ஆறேகால் சென்ட் வரி. விலை உசந்த இங்கிலீஷ் துணிக்கு பெருசா வலிக்காது, மலிவான இந்தியத் துணிக்கு மட்டும் கழுத்துல சுருக்கு.

நெசவாளியைக் கெடுத்தது மான்செஸ்டர்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சோம். அது பொய்யில்ல. ஆனா அமெரிக்கச் சந்தையை அடைச்சது இந்தச் சட்டம், லோவெல் ஊரு நின்னதே அந்தக் கதவு சாத்தின பிறகுதான். கேள்வி கேட்டவரு திருப்பூர்க்காரர்ங்குறதால அழுத்திச் சொல்லுதேன், இன்னைக்கு நீங்க அமெரிக்க வரியைப் பத்திப் புலம்புறதுக்கு 200 வருஷ முன்கதை இருக்கு.

மார்ச் 7

மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். பிளானே இல்லைங்குற மாதிரி போயிட்டு இருக்கு, அவ்வளவு தூரம் தள்ளவும் வேண்டாம். கிர்க் பூட்னு ஒரு ஏஜென்ட் இருந்தாரு, ஊரோட சின்ன ராஜான்னே வைங்க. மில்லு எங்க, மில்லுல வேலை பார்க்குற பொண்ணுங்க தங்குற போர்டிங் வீடு எங்க, சூப்பர்வைசர் வீடு எங்க, எல்லாம் அவர் கோடு போட்டபடிதான். அவருக்குப் பிடிச்ச சபைக்குக் கோயில் கட்டி, வேற சபைக்குப் போற தொழிலாளி சம்பளத்துல இருந்தும் அதுக்குப் பணம் பிடிச்சாரு. முதலாளிக்கு வேணுங்குறதுக்கு மட்டும் பிளான் இருந்துச்சு. கால்வாயைத் தோண்டின அயர்லாந்துக்காரங்களுக்கு வீடு அந்தக் கோட்டுக்குள்ள வரவே இல்ல. 1822ல ஹியூ கம்மிஸ்கிங்குறவர் தலைமையில பாஸ்டன் பக்கமிருந்து நடந்தே வந்தாங்க, ஓரத்துல குடிசை போட்டுக்கிட்டாங்க. அந்தப் பேட்டைக்கு ஏக்கர்னு பேரு, இப்பவும் அப்படித்தான் சொல்றாங்க.

மார்ச் 9

எங்க மாமா, அம்மாவோட தம்பி, ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல ரிங் ஃபிரேம்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. இங்க வந்திருந்தப்ப பூட் மில் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கீழ்த்தளத்துல 88 தறி வரிசையா வச்சிருக்காங்க, அதுல சிலதை மட்டும் ஓட்டிக் காட்டுவாங்க. காதுல அடைக்க நுரை உருண்டை குடுத்தாங்க. மாமா வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. தரை அதிருது, எனக்கு பல்லு கூசுது, மனுஷன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு வரிசையில நடக்குறாரு, மேஸ்திரி ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி. குனிஞ்சு தறிக்கு அடியில விரலை விட்டு தடவிப் பார்த்தாரு. எடுத்து என்கிட்ட காட்டினாரு, சுத்தமா இருக்கு. "பஞ்சே இல்லியேடா, இது என்ன மில்லு?"

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு, நான்தான் இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னேன்: "ஈரத்துக்கு என்ன செஞ்சாங்க?" காத்து காஞ்சா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்ல, அந்தக் கேள்வி. மியூசியத்துல வேலை பார்க்குற அம்மா முகமே மலர்ந்துடுச்சு. ஜன்னலை ஆணி அடிச்சு மூடி உள்ள நீராவி விடுவாங்களாம், கோடையிலயும் அப்படித்தானாம். நாடாவுல, அதான் தறியில குறுக்க ஓடி ஊடை நூலைக் கொண்டு போற கட்டையில, புது நூல் கோக்குறப்ப துவாரத்துல வாயை வச்சு உறிஞ்சி இழுப்பாங்க, ஒருத்தி உறிஞ்சின நாடாவையே அடுத்தவளும். காசநோய் எப்படிப் பரவுச்சுன்னு தனியா ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்ல.

மார்ச் 10

"ஆனா பொண்ணுங்களுக்கு நல்ல சம்பளம், நூலகம், அவங்களே எழுதி பத்திரிகை எல்லாம் நடத்தினாங்களே, எதையும் குத்தமாவே பாக்கணுமா"ன்னு ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. எல்லாம் நடந்துச்சு. நியூ இங்கிலாந்து விவசாயக் குடும்பத்துப் பொண்ணுங்க, பெரும்பாலும் 15ல இருந்து 30 வயசுக்குள்ள, முதல் தடவையா கையில சொந்தக் காசைப் பார்த்தாங்க. தம்பியைக் காலேஜுக்கு அனுப்பினவங்க உண்டு, அப்பா கடனை அடைச்சவங்க உண்டு. அது சாதாரண விஷயம் இல்ல.

கூடவே இதையும் வைங்க: வாரத்துக்கு 73 மணி நேரம் வேலை. விடியறதுக்கு முன்னாடி மணி, ராத்திரி பத்துக்கு போர்டிங் வீட்டுக் கதவு அடைப்பு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயே ஆகணும். 1834ல கூலியைக் குறைச்சாங்க, பொண்ணுங்க வெளிய வந்து ஊர்வலம் போனாங்க, தோத்துட்டாங்க. 1836ல சாப்பாட்டுச் செலவை ஏத்தினாங்க, இன்னும் பெரிய கூட்டமா வெளிய வந்தாங்க, இந்தத் தடவை சில மில்லுங்க இறங்கி வந்துச்சு. 1845ல சாரா பாக்லின்னு ஒரு மில் பொண்ணு தலைமையில சங்கம் வச்சு, பத்து மணி நேர வேலை கேட்டு சட்டசபை கமிட்டி முன்னாடியே போயி சாட்சி சொன்னாங்க. ஓட்டு போடக்கூட உரிமை இல்லாத பொண்ணுங்க. கமிட்டி எல்லாத்தையும் கேட்டுட்டு நாங்க தலையிட முடியாதுன்னு கையை விரிச்சிடுச்சு. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வர 1874 ஆச்சு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுங்க யாரும் மில்லுல இல்ல, அயர்லாந்துக்காரங்களும் கியூபெக்ல இருந்து வந்த பிரெஞ்சுக்காரங்களும் அந்த இடத்துக்கு வந்தாச்சு.

இதைப் படிக்கிறப்ப எனக்கு நம்ம சுமங்கலித் திட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. கிராமத்துப் பொண்ணு, மில் ஹாஸ்டல், வார்டன், வெளிய போக அனுமதி, கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கிறோம்ங்குற பேச்சு. ஒரு வித்தியாசம் இருக்கு. லோவெல் பொண்ணுக்கு மாசாமாசம் கையில காசு வந்துச்சு, பிடிக்கலைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடலாம். நம்ம பொண்ணுங்களுக்கு மொத்தத் தொகை மூணு வருஷம் முடிச்சாத்தான். நடுவுல வந்தா அம்பேல்.

மார்ச் 10, ராத்திரி

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பருத்தி எங்க இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கவே இல்லையே? தெற்க அடிமைங்க பறிச்ச பருத்தி. அதுல ஒரு பகுதியை முரட்டுத் துணியா நெய்து, அடிமைங்களுக்கு உடுப்புக்குன்னே திரும்ப தெற்க வித்தாங்க. போகும்போதும் லாபம் வரும்போதும் லாபம்.

மார்ச் 13

பருத்தின்னதும் நம்ம திருநெல்வேலி ஞாபகம் வந்துடுச்சு, நான் அம்பாசமுத்திரத்துக்காரன்ல. 1861ல இங்க உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்குப் பருத்தி நின்னுபோச்சு. லோவெல் முதலாளிங்க போர் சீக்கிரம் முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டு, கைவசம் இருந்த பருத்தியை நல்ல விலைக்கு வித்துட்டு மில்லைப் பூட்டினாங்க. பத்தாயிரம் பேர் வரைக்கும் தெருவுக்கு வந்தாங்க. அதே நேரம் இங்கிலாந்து மில்லுங்க இருந்த லங்காஷயருக்குப் பஞ்சு கிடைக்காம நம்ம கரிசல் காட்டுப் பருத்திக்கு ஏகக் கிராக்கி, தூத்துக்குடியில இருந்து கப்பல் கப்பலா போச்சு. போர் முடிஞ்சதும் விலை விழுந்துச்சு, அதை நம்பி கடன் வாங்கினவன் கதை உங்களுக்கே தெரியும்.

1880கள்ல ஹார்வி சகோதரருங்க பாபநாசத்துல தாமிரபரணி இறங்குற இடமா பார்த்து, தண்ணி விசையை வச்சு மில்லு போட்டாங்க. நிலக்கரி கிடைக்காத பக்கத்துல ஆறு குதிக்கிற இடம்தான் காசு. பாட்டக்கட் அருவியைப் பார்த்த பாஸ்டன்காரனுக்கும் இதே புத்திதான் வேலை செஞ்சிருக்கும். விக்கிரமசிங்கபுரமே அந்த மில்லைச் சுத்தித்தான் வளந்துச்சு.

மார்ச் 15

தண்ணியை யாருகிட்ட இருந்து எடுத்தாங்கன்னு கேட்டவருக்கு. அருமையான கேள்வி, இதுக்குத்தான் காத்திருந்தேன்.

கோடையில மெரிமாக்ல தண்ணி குறைஞ்சிடும், சக்கரம் நிக்கும். என்ன செஞ்சாங்க? 1840கள்ல பக்கத்து மாநிலம் நியூஹாம்ப்ஷயருக்குப் போயி, வின்னிபெசாக்கி ஏரியோட வாய்க்காலையும் அணையையும் ஒரு கம்பெனி பேருல வளைச்சுப் போட்டாங்க. இங்க மில்லுக்குத் தண்ணி வேணுங்குறப்ப அங்க மதகைத் திறப்பாங்க. ஏரிக்கரைக்காரனுக்கு ஒரு சமயம் வயல் முழுகும், ஒரு சமயம் அவன் மில்லுக்குத் தண்ணி இருக்காது. 1859ல கடப்பாரை கோடாலியோட கூட்டம் கிளம்பி வந்து அணையை உடைக்கப் பார்த்துச்சு. முடியல. காவிரி, முல்லைப்பெரியாறு பார்த்த நமக்கு இதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

இந்தத் தண்ணியை நிர்வாகம் பண்ணினது ஜேம்ஸ் ஃபிரான்சிஸ்னு ஒரு இன்ஜினியர். மெக்கானிக்கல் படிச்சவங்க ஃபிரான்சிஸ் டர்பைன்னு பரீட்சையில எழுதியிருப்பீங்களே, அவரேதான். கல்லூரியில அது எந்த ஊர்ல உருவாச்சுன்னு யாரும் சொல்லித் தரல, நானும் இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அவரு 1850ல பாட்டக்கட் கால்வாய் மேல ஒரு ராட்சச மரக் கதவைத் தொங்க விட்டாரு, வெள்ளம் வந்தா இறக்கி ஊரைக் காப்பாத்தணும்னு. ஊரே சிரிச்சுச்சு, ஃபிரான்சிஸோட பைத்தியக்காரத்தனம்னு பேரு வச்சாங்க. ரெண்டு வருஷத்துல, 1852ல, வெள்ளம் வந்துச்சு. தொங்கிக்கிட்டு இருந்த இரும்புப் பட்டையை உளி வச்சு வெட்டினாங்க, கதவு விழுந்துச்சு, ஊர் தப்பிச்சுது. 1936 வெள்ளத்துலயும் அதே கதவுதான். உங்க பையனோட திரும்பப் போனா மில்லை விட்டுட்டு இதைப் போய்ப் பாருங்க.

மார்ச் 18

முதல் கேள்விக்கே வர்றேன், நிறைய பேர் "அப்ப பிளான் வேணுமா வேண்டாமா"ன்னு கேட்டுட்டீங்க.

1920கள்ல இருந்து மில்லுங்க ஒண்ணொண்ணா மூடுச்சு, சிலது மெஷினையே கழட்டிக்கிட்டு கூலி கம்மியான தெற்கு மாநிலத்துக்குப் போயிடுச்சு. 1950கள்ல பூட் மில்லும் முடிஞ்சுது. 60கள்ல நகர மறுசீரமைப்புன்னு உண்மையிலேயே மேசை போட்டு பிளான் பண்ணினாங்க. என்ன நடந்துச்சு? முதல் மில்லான மெரிமாக் கம்பெனி கட்டடங்களை இடிச்சாங்க, அந்த வரிசை போர்டிங் வீடு போச்சு, பிரெஞ்சுக்காரங்க தலைமுறையா வாழ்ந்த லிட்டில் கனடா பேட்டையையே தரைமட்டம் ஆக்கினாங்க. மிச்சம் இருந்ததை இடிக்கக் காசில்லாம விட்டதுதான் 1978ல தேசியப் பூங்கா ஆச்சு.

அப்புறம் வாங் கம்ப்யூட்டர் கம்பெனி 1976ல தலைமை ஆபீஸைக் கொண்டு வந்துச்சு, மூணு கோபுரம் கட்டினாங்க, 6 கோடி டாலர் செலவு. ஊர் மறுபடி எழுந்துடுச்சுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க. 1992ல கம்பெனி திவால், 1994ல மூணு கோபுரமும் ஏலத்துல 5,25,000 டாலருக்குப் போச்சு. இப்ப அந்த விலைக்கு செம்ஸ்ஃபர்ட்ல ஒரு சுமாரான வீடு வாங்க முடியாது, தேடிப் பார்த்த வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

அதே 80கள்ல யாரும் பிளான் பண்ணாத ஒண்ணு நடந்துச்சு. போல் பாட் கொடுமையில தப்பிச்ச கம்போடியா அகதிங்க வந்து இறங்கினாங்க. பூட்டிக் கிடந்த கடைங்களைத் திறந்தது அவங்க. இன்னைக்கு கலிஃபோர்னியாவுல இருக்குற லாங் பீச்சுக்கு அடுத்தபடியா அமெரிக்காவுல கம்போடியா ஜனங்க அதிகம் இருக்குற ஊர் லோவெல். 2022ல மேயரா வந்தவரும் அகதியா வந்த கம்போடியாக்காரர்தான், சோக்கரி சாவ்.

திருப்பூருக்கு இதுல என்ன பாடம்னு என்னைக் கேக்காதீங்க. நொய்யல்ல சாயத்தை விட்டது பிளான் இல்லாததால இல்ல, சுத்திகரிக்கிற செலவை மிச்சம் பிடிச்சதால. லோவெல் மில்லுங்களும் சாயக் கழிவை ஆத்துலதான் விட்டுச்சு, 1960கள் வரைக்கும் மெரிமாக் நாட்டுலயே மோசமான ஆறுகள்ல ஒண்ணு. சரி பண்ணினது 1972ல வந்த தண்ணீர்ச் சட்டமும் அதுக்கப்புறம் அரசாங்கம் கொட்டின காசும்.

மார்ச் 21

சென்னை ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் வந்தது லோவெல்ல இருந்தான்னு கேட்ட தம்பி: லோவெல் இல்ல, பாஸ்டனைச் சுத்தியிருக்குற குளங்கள்ல இருந்து, ஃபிரெடெரிக் டியூடர்னு ஒரு வியாபாரி வெட்டி அனுப்பினது. ஆனா நான் மேல எழுதின கல்கத்தா வியாபாரத்தோட தொடர்பு இருக்கு. இந்தியாவுக்குப் போற கப்பலுக்கு இங்க இருந்து ஏத்த உருப்படியா சரக்கு கிடையாது, அதனால ஐஸுக்கு வாடகை கொள்ளை மலிவு. 1833ல முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 180 டன்னோட கிளம்புச்சு, நாலு மாசம் பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டிப் போயும் 100 டன் கரையாம சேர்ந்துச்சு. மெட்ராஸ்ல கட்டடம் 1842ல. மரத்தூள் போட்டு எப்படி அடுக்கினாங்கங்குறது பெரிய கதை, அதுக்குத் தனியா ஒரு இழை ஆரம்பிங்க, அங்க வந்து எழுதுறேன்.